ரொட்டிக்காரர் வீட்டு ரூம் டெம்பரேச்சர்

ஊர் இன்னும் வேலையில் சூடு பிடித்திருக்காது. நம் ரொட்டிக்காரருக்குப் பொழுது சாய்ந்துவிடும். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருப்பது அதன் சொந்த விவகாரம். ஊரே குறட்டை விடும்போது எழுந்து போய் அடுப்போடு மல்லுக்கு நின்றவருக்கு, பேக்கரியின் பின்கதவு சாத்தப்படும் சத்தம்தான் அஸ்தமனம். அதற்குப் பிறகு அவர் பார்க்கும் தெரு வேறு தெரு. வெயிலில் வெளுத்துப்போய், ஓரமெல்லாம் லேசாக ஆடிக்கொண்டு, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருக்கும். கண்ணில் பாதி தூக்கம், பாதி தெரு என்று நடந்து வருவார். எதிரே வருகிற மனிதர்கள் மெல்ல உப்பிக்கொண்டே வருவதுபோலவும், முனை திரும்பும்போது பொன்னிறமாகச் சிவந்துவிடுவதுபோலவும் தோன்றும். தொழில் புத்தி எங்கே போகும்?

வீடு மூன்றாம் மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். நடுவில் வேறு யாரும் குடியில்லை. ஒரு அறை, ஒரு சமையலறை, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும் ஒரு மின்விசிறி. பேக்கரியிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ஐஸை வாளித் தண்ணீரில் கொட்டி, அதில் சிவப்பு ஒயின் பாட்டிலைக் கழுத்தளவு இறக்கிவிட்டுக் குளிக்கப் போவார். திரும்பி வரும்போது பாட்டிலும் குளித்து முடித்திருக்கும். ஜன்னலைப் பாதி சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கிளாஸ். கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்கும். ஜன்னல் இடுக்கில் வரும் வெயில் அதற்குள் புகுந்து, எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பை ஏற்றி வைக்கும். கிளாஸை அசைத்தால் சுவரும் அசையும். முதல் வாய் உள்ளே இறங்கும்போது, இத்தனை நேரம் அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோன கண்ணுக்குப் பின்னால் யாரோ மெதுவாக ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மாலை நேரத்தில் ஒரு மனிதன் செய்கிற காரியம்தான். கடிகாரம் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவே. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படிக்கட்டில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "பட்டப்பகல்லயேவா?" என்று கேட்டார்.

"எனக்கு இது சாயங்காலம் சார்."

கீழ்வீட்டுக்காரர் அதை ஒரு முற்றிய குடிகாரரின் பதிலாக எடுத்துக்கொண்டு, சிந்தாமல் சிதறாமல் தெருக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சுவரில் ஆடும் அந்தச் சிவப்பைப் பார்க்க இன்னொரு ஆள் இல்லை என்பதுதான் ரொட்டிக்காரரின் ஒரே குறை. மனைவிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. காலர் மட்டும்தான் தைப்பார். ஊரில் நடமாடும் பாதிக் கழுத்துகளை அவர் கைதான் நிமிர்த்தி வைத்திருக்கிறது. அவர் பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது கணவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். கணவர் கிளம்பும்போது, எழுப்பிவிடக் கூடாதே என்று விளக்கைப் போடாமல் இருட்டிலேயே சட்டையைத் தேடி, பல நாள் திருப்பி மாட்டிக்கொண்டு போவார். ஒரே வீட்டுக்கு மாறி மாறிக் காவல் இருக்கும் இரண்டு காவல்காரர்கள் மாதிரி நடந்தது குடித்தனம். சண்டை போடக்கூட நேரம் ஒத்துவராது. மனைவி கோபித்துக்கொண்டால் கணவருக்கு எழுந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் அவருக்குக் கோபம் ஆறியிருக்கும்.

இந்த வருஷம் வெயில் ஒரு நல்ல காரியம் செய்தது. தையல் கம்பெனியில் பகல் ஷிஃப்டில் அடுத்தடுத்து ஆட்கள் மயங்கி விழ, முதலாளி மனசு இளகியோ மெஷின் இளகிவிடுமோ என்று பயந்தோ, வெயில் தணியும்வரை விடியற்காலையில் ஆரம்பித்து மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். டீவியில் வானிலை சொல்லும் பெண் தானே அடுப்பு மூட்டியவள் போலச் சிரித்துக்கொண்டு, இந்தச் சூடு இன்னும் சில நாள் நீடிக்கும் என்று சொல்லும்போதெல்லாம் ஊரே சபித்தது. ரொட்டிக்காரர் மட்டும் மனசுக்குள் நன்றி சொன்னார். அந்தச் சில நாளுக்குள் ஒரே ஒரு மதியம், தான் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்து, எதிரே மனைவியும் ஒரு கிளாஸோடு உட்கார வேண்டும். வேறு எந்தப் பேராசையும் இல்லை.

அதற்கு இரண்டு தடை. முதல் தடை, மனைவிக்குச் சிவப்பு ஒயின் என்றாலே ஆகாது. கல்யாண விருந்தன்று, கொதிக்கிற மண்டபத்தில், அவர் அண்ணன் ஆசையாக ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். இருமல் மருந்தைச் சுடவைத்துக் குடித்த மாதிரி இருந்ததாம். மறுநாள் முழுக்கத் தலைவலி. அன்றோடு சரி. இரண்டாவது தடை, அந்த அண்ணனேதான்.

மச்சான் பெரிய ஹோட்டலில் பரிமாறுகிறவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பாட்டிலைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தி ஊற்றுவார். கையுறை மச்சான் என்றே ரொட்டிக்காரர் அவரை மனசுக்குள் அழைத்து வந்தார். ஹோட்டலுக்கு வர்ணம் பூசுகிறார்கள், ஊழியர் அறையில் நாற்றம் தாங்கவில்லை என்று பெட்டியோடு வந்து சேர்ந்த மச்சான், முதல் நாளே வாளியைப் பார்த்தார். செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது? மீனா வளக்கறீங்க?"

"ஒயின் மச்சான்."

"ஒயின்னு தெரியுது. சிவப்பு ஒயினை ஐஸ்ல போடுவாங்களா? ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்."

"எந்த ரூம் டெம்பரேச்சர்? இந்த ரூம்ல வச்சா அது ஒயின் இல்ல, ரசாயனம்."

அன்று தொடங்கிய வழக்கு. ரொட்டிக்காரர் தன் தொழில் கணக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். மாவின் சூடு, அறையின் சூடு, பிசையும் தண்ணீரின் சூடு, இந்த மூன்றையும் கூட்டினால் கோடையிலும் குளிரிலும் ஒரே தொகை வரவேண்டும். மாவு சொன்னபடி கேட்காது. அறை கேட்கவே கேட்காது. தண்ணீர் ஒன்றுதான் கைக்குள் இருக்கிறது. அறை கொதித்தால் தண்ணீரில் ஐஸைப் போட வேண்டியதுதான். இல்லாவிட்டால் மாவு ரொட்டியாவதற்கு முன்பே பொங்கி, பாத்திரத்தை விட்டு எழுந்து வெளியே வந்துவிடும். ஒயினுக்கும் அதே கணக்கு. அறையின் சூடு, ஆளின் சூடு, கிளாஸின் சூடு.

மச்சான் பொறுமையாகக் கேட்டார். ஒயினைப் பிசையக் கூடாது மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார்.

மனைவி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் தீர்ப்பு எழுதினார். அண்ணன் இதிலேயே ஊறினவர். நீங்கள் ரொட்டியைப் பாருங்கள் என்றார். மதியங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கணவர் தரையில் கிளாஸோடு, மனைவி சமையலறையில் கரண்டியோடு, அண்ணன் கட்டிலில் கால்மேல் கால் போட்டு அதிகாரத்தோடு. சுவரில் அந்தச் சிவப்பு மட்டும் யாரும் சீண்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. டீவிப் பெண் ஒருநாள் மேகம் என்ற வார்த்தையை உச்சரித்தாள். ரொட்டிக்காரர் எழுந்துபோய் டீவியை அணைத்தார்.

நடுவில் கல்யாண நாள் வந்தது. மச்சான் தன் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஹோட்டல் முதலாளி கொடுத்ததாம். அதைப்பற்றிப் பேசும்போது அவர் குரல் தானாகவே கையுறை மாட்டிக்கொண்டது. இந்த வீட்டில் வைத்தால் வெந்துவிடும், பேக்கரியில் குளிர்ந்த இருட்டில் வையுங்கள், ஆனால் ஐஸை மட்டும் காட்டிவிடாதீர்கள், மதியம் கொண்டு வாருங்கள் என்று தங்கையின் கணவரிடம் ஒப்படைத்தார். ரொட்டிக்காரர் அதைப் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தார். தன் வழக்கமான மலிவு பாட்டிலையும் துணைக்குப் பக்கத்தில் போட்டார்.

அன்றைக்குச் சூடு சொல்லி மாளாது. வேலை முடியும் நேரத்தில், அவர் நடுவில் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது. கை மட்டும் விழித்திருந்தது. கோடையில் அவர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கெட்டுப்போகக் கூடியது எதைக் கண்டாலும் ஐஸ் தொட்டியில் போடு. போட்டது. இரண்டையும் போட்டது. அவர் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கும்போது, தொட்டியில் இரண்டு லேபிள்கள் கழன்று, குளத்து இலைகள் மாதிரி அமைதியாக மிதந்துகொண்டிருந்தன. அடியில் ஒரே உயரத்தில், ஒரே கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டில்கள். எது எது என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

இரண்டு நிர்வாணப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அவர் மூன்று மாடி ஏறியது, தூக்குமேடைக்கு ஏறின மாதிரிதான். மச்சான் கேட்டார். பார்த்தார். பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டையுமா?"

"கை போட்டுடுச்சு மச்சான்."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். உடலை அடையாளம் காட்ட வந்த உறவினர் முகத்தோடு இரண்டு பாட்டில்களையும் திறந்து, கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். ரொட்டிக்காரருக்குள் ஒரு சின்னப் பேராசை எட்டிப் பார்த்தது: மனுஷன் தடுமாறட்டுமே. மச்சான் தடுமாறவில்லை. முதல் வாயிலேயே கண்ணை மூடினார்.

"இதுதான் நம்மது. குளிர்ல வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்கு. வெறும் துவர்ப்பு. நல்ல மனுஷனைப் பிடிச்சு ஐஸ்ல உக்கார வச்சா பேசுவானா? ஜன்னலோரம் வைங்க, தானா மனசு ஆறி வரட்டும்."

இந்த நேரத்தில் கதவு திறந்தது. காலர்க்காரம்மா வந்து நின்றார். முகம் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி நிறம். புடவையெல்லாம் நூல் துணுக்கு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேசையில் வியர்த்துக்கொண்டு நின்ற மலிவு ஒயினைக் கணவருடைய கிளாஸில் நிறைய ஊற்றினார். குடிப்பதற்கு இல்லை, கழுத்தில் வைத்துக்கொள்ள. கழுத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நெற்றி, கண் இமை. சுவரோரமாக அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

மச்சான் அதற்குள் இரண்டாவது பாட்டிலுக்கு வந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய் ஆராய்ச்சிக்காக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இது லேசான ஜாதி மாப்பிள்ளை. குளிரக் குளிரக் குடிக்கறதுக்குன்னே பொறந்தது. எங்க ஹோட்டல்லயே சில பேருக்கு இப்படித்தான் ஊத்துவோம்."

"இத்தனை நாள் ஏன் மச்சான் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கணக்குல்ல சொன்னீங்க."

ரொட்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வழக்கமான சிவப்பு இல்லை. திரும்பிப் பார்த்தால், மனைவி கையிலிருந்த கிளாஸ் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எப்போது கழுத்திலிருந்து வாய்க்குப் போனது என்று இரண்டு ஆண்களும் கவனிக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அண்ணன், ஹோட்டல் குரலில்.

"அன்னைக்கு நீ குடுத்தது இது இல்லண்ணா," என்றார் தங்கை. பிறகு கணவர் பக்கம் கிளாஸை நீட்டினார். "ஊத்துங்க. நீங்களும் உக்காருங்க. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பேசறதுல எனக்குத் தலை சுத்துது."

ரொட்டிக்காரர் உட்கார்ந்தார். தனக்கும் ஊற்றிக்கொண்டார். ஜன்னல் இடுக்கு வெயிலில் கிளாஸை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சுவரில் இரண்டு சிவப்பு ஏறின. ஒன்றையொன்று துரத்தின, பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கறுத்தன. மனைவி சிரித்தார். தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார். பைத்தியம் என்றும் சொன்னார். கம்பெனியில் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கதை பாதியில் மெதுவானது, வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது, கிளாஸ் சாய்ந்தது. ரொட்டிக்காரர் அதை வாங்கித் தரையில் வைத்தார். மனைவியின் தலை அவர் கைமேல் வந்து அமர்ந்தது. கட்டிலில் மச்சான், கையுறையைக் கழற்றாமலே குறட்டையில் இறங்கியிருந்தார்.

இருட்டில் ஒரு போர்வை மேட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் அவர். வெளிச்சத்தில் மனைவி தூங்கி இதுவரை பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்தில் ஒரு வெள்ளை நூல். என்னவோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு விரல் அவ்வப்போது அசைந்தது. தூக்கம் வழக்கம்போல வந்து வாசலில் நின்றது. அவர் அதை உள்ளே விடவில்லை.

ஜன்னலோரத்தில் மச்சானின் பாட்டில் குளிர் விட்டுக்கொண்டிருந்தது. வெளியே வியர்த்திருந்த ஈரம் காய்ந்து, கடைசித் துளியும் போய்விட்டது. அறையின் சூடு, கண்ணாடியின் சூடு, வைத்த நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். இப்போதுதான் அது வாயைத் திறக்கும் நேரம். இந்த அறையில் அந்தப் பக்குவம் ரொம்ப நேரம் நிற்காது. கொஞ்சம் விட்டால் வெந்துவிடும். மச்சானை எழுப்ப வேண்டும். ஒரு குரல் கொடுத்தால் போதும். இல்லை, மனைவியின் தலைக்கடியிலிருந்து கையை உருவி எழுந்தால் போதும்.

ரொட்டிக்காரர் கையை அசைக்கவில்லை. பாட்டிலின் நல்ல நேரம் வந்ததையும், நின்றதையும், மெதுவாகக் கடந்துபோனதையும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.