எலுமிச்சம் பழம் நசுங்காத நாள்

நாலு மணிக்கு வர வேண்டிய சன்னாசி மாமாவின் டிரக்டர் அன்றைக்கு வரவில்லை. கோயில் வளைவில் தேயிலைக் கொழுந்துச் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். கீழேயிருந்து ஒரு த்ரீவீல்தான் ஏறி வந்தது. ஓட்டி வந்தவர் எஞ்சினை அணைக்காமலே சொன்னார்.

"சன்னாசி அண்ணே போயிட்டாரு. மத்தியானம் நெஞ்சு வலின்னு ஏத்திக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு."

யாரோ ஒரு அக்கா, "அப்ப கொழுந்து?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சன்னாசி மாமா உயிரோடு நின்றிருந்தால் அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கருமாதிக்கு அச்சடிக்கும் தாளில் போட மாமாவைப் பற்றி எழுதித் தரும்படி அவர் மனைவி லெட்சுமி அத்தை கேட்டார். மேடையில் வாசிக்கச் சொல்ல மாட்டோம் என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டேன். பழைய விபத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "அத விட்டுட்டு எழுதினா அது வேற யாரோ ஆளு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது மாமா தோட்டத்து டிரக்டர் ஓட்டினார். மழை நாளொன்றில் கீழ் வளைவில் அது நிற்காமல் போய், பின்னால் பூட்டியிருந்த பெட்டி கவிழ்ந்தது. பெட்டியில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். உயிர் யாருக்கும் போகவில்லை. என் அம்மாவின் வலது கால் பெட்டிக்கு அடியில் சிக்கியது. இன்றும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். விசாரணைக்கு வந்தவர்களிடம் மாமா, "பிரேக் சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்று சொன்னதாக எல்லோருக்கும் தெரியும். வேலை போனது. கொழும்புக்குப் போய்ப் பத்து வருடம் லொறி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா அவரோடு சண்டை போட்டதில்லை. பல வருடம் பேசியதும் இல்லை.

அவர் திரும்பி வந்த நேரத்தில் தோட்டக் கம்பெனிக்காரர்கள் தேயிலை மலையைப் பிரித்து எங்கள் பன்னிரண்டு குடும்பங்களிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள். கொழுந்தை எடுத்தால் மட்டும் போதாது. ஐந்து மணிக்கு வரும் பாக்டரி லொறிக்கு முன்னால், இரண்டு மைல் கீழே பெரிய ரோட்டில் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். பிந்தினால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும், எடுக்க மாட்டார்கள். எல்லோரும் தலையில் சுமந்தோம். அம்மாவும் அந்தக் காலோடு சுமந்தார். அதை ஒரு வாரம் பார்த்துவிட்டு மாமா பழைய டிரக்டர் ஒன்று தேடத் தொடங்கினார்.

பூண்டுலோயாவுக்கு அப்பால் மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் ஒன்று விலைக்கு இருந்தது. சிங்களத்தில் இருக்கும் பதிவுப் புத்தகம் வாசிக்க என்னைக் கூட்டிப் போனார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நான் கம்பளையில் ஒரு பேக்கரியில் வேலை செய்திருந்தேன். சிங்களம் அங்கே பழகியது.

அந்தத் தோட்டக்காரர் வண்டியை மேட்டில் ஏற்றிக் காட்ட ஆசைப்பட்டார். அது புகையைத் தள்ளிக்கொண்டு நன்றாகவே ஏறியது. மாமா தலையை ஆட்டவில்லை. "ஏறுறது இருக்கட்டும் மாத்தயா, எறங்கிக் காட்டுங்க" என்றார். இதற்கு முன்பே, வலது சக்கரத்துப் பிரேக்கைக் கழற்றி வைத்திருப்பதை வாங்க வந்தவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் தன் மனைவியிடம் சிங்களத்தில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை மாமாவின் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு முறையும் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். வண்டி இறங்கியது, பிரேக்கை மிதித்ததும் இடது பக்கமாக வெட்டித் திரும்பி லீக்ஸ் பாத்திக்குள் போய் நின்றது. தோட்டக்காரரின் மனைவி கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்போதுதான் நான் மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

மாமா பாத்தியைப் பார்த்தார். "நீ இத முன்னாடியே சொல்லியிருந்தா லீக்ஸு பொழச்சிருக்கும்" என்றார்.

அந்த வண்டியையே வாங்கினார். மற்றதெல்லாம் மறைக்க முடியாத பழுதுகள், இருந்த ஒரு பொய்யும் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார். நசுங்கிய லீக்ஸையும் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டார். அன்றிரவு எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் லீக்ஸ் கறி.

பழுது பார்க்க ஐந்து வாரம் பிடித்தது. எல்லோரும் எஞ்சின் சத்தம் கேட்கக் காத்திருந்தார்கள். அவர் எஞ்சினைத் தொடவில்லை. பின் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் கட்டைகளை ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் புது லைனிங் அடித்து வந்து பூட்டினார். அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து லைனிங்கை நனைத்தது. மறுபடியும் கழற்றினார். அது கொழுந்து அதிகமாக வரும் காலம். தலைச்சுமையோடு போகிறவர்கள் அவர் வண்டியை வைத்திருந்த கொட்டகைப் பக்கம் நின்று பேசாமல் போவதில்லை.

"என்னாண்ணே, சக்கரத்தக் கழட்டி வச்சுப் பூச பண்றீங்களா?"

"கொழுந்து தேத்தூளாகிக் கடைக்கு வந்துரும் போல. உங்க டிரக்டரு வராது."

அவர் நிமிராமலே பதில் சொல்வார். "ஏறலன்னா நீங்க திட்டுவீங்க. எறங்கையில நிக்கலன்னா திட்டுறதுக்கு ஆளு இருக்காது."

அம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போகும்போது மட்டும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். கடந்து போன பிறகு மீண்டும் தட்டும் சத்தம் கேட்கும்.

வண்டிக்குப் பூசை போட்ட நாளைப் பற்றி நம்மில் எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோயில் முன்னால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைக்கப் போனார் பூசாரி. மாமா தடுத்து, "ரோட்டுல வைங்க சாமி, நான் மேலேருந்து வாறேன்" என்றார். பெட்டி நிறையக் கல் ஏற்றிக்கொண்டு, வேறு ஒருவரையும் ஏறவிடாமல், மேட்டின் உச்சிக்குப் போனார். இறங்கி வந்தார். பழங்களுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. ஒரு பக்கமும் இழுக்கவில்லை.

"யோவ், பழம் நசுங்கணும்யா! அதுதான் சாங்கியம்!" என்று பூசாரி கத்தினார்.

"நசுங்காம நிக்குதுல்ல சாமி. அதப் பாருங்க."

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு பிரேக் மிதிகளைக் காட்டினார். ஒன்று இடது சக்கரத்துக்கு, மற்றது வலதுக்கு. வயலில் வண்டியைத் திருப்பத் தனித்தனியாக மிதிக்கலாம். ரோட்டில் இறங்கும்போது இரண்டையும் ஒரு சிறிய கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் லீக்ஸ் பாத்திதான். அன்றிலிருந்து தினமும் கோயில் வளைவில் நிறுத்தி, குனிந்து கொக்கியைப் போட்டு, "கொக்கி போட்டாச்சு" என்று பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார். போட்டாச்சா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

பூசையன்று எல்லோரும் பெட்டியில் ஏறினார்கள். அம்மா தன் சாக்கை மட்டும் தூக்கி வைத்தார். மாமா இறங்கி வந்து, "தங்கச்சி, நீயும் ஏறலாமே" என்றார். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் அம்மாவிடம் பேசியது அதுதான்.

"கால் இருக்குண்ணே. நடந்துக்கிறேன்."

மாமா சரி என்று போய் ஏறிக்கொண்டார். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் பெட்டியில் பின் மூலையில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு வைத்திருந்தார். அதில் யாராவது உட்கார்ந்தால், "அங்கன வேணாம், இப்பிடி வா" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். எங்கள் சாக்கை நிறுக்க நான் பெட்டியில் போவேன். அம்மா பின்னால் நடந்து வருவார். எட்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கொழுந்தை இறக்க வேண்டியிருந்தது. எங்களோடு மலை எடுத்திருக்கும் குமார் அண்ணன் ஓட்டினார். கோயில் வளைவில் நிறுத்தினார். பெட்டியில் எல்லோரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். வர வேண்டிய ஒரு சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"குமாரண்ணே, கொக்கி போடல" என்றேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் கியரைப் போட்டார். எழுந்து நின்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வண்டியை நிறுத்தி, குனிந்து கொக்கியைப் போட்டு, "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்றார்.

அம்மா ரோட்டோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நொண்டிக்கொண்டு வந்து, பெட்டியின் பலகையைப் பிடித்து, சரியான காலை முதலில் வைத்து ஏறினார். மடித்த சாக்கின் மேல் என் கை இருந்தது.

"கொஞ்சம் தள்ளு" என்றார்.

கீழ் வளைவில் அம்மா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

மாமா இருக்கும்போதே ஏறியிருக்கலாம் என்று சிலர் அம்மாவிடம் சொல்கிறார்கள். அம்மா தன் சாக்கை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விடுவார்.

சன்னாசி மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. தினமும் நாலு மணிக்குக் கோயில் வளைவில், "கொக்கி போட்டாச்சா?" என்று கேட்கிறேன். முதல் தடவை என் குரல் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. அதனால் இரண்டு தடவை கேட்கிறேன்.