தூசிக்கு ஒரு கதவு, உயிருக்கு ஒரு கதவு

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் எங்கள் ஆய்வகத்தின் கதவு எனக்குப் பிடிபடாமலே இருந்தது. உள்ளே வந்த மறுகணமே சாத்திவிட வேண்டும். ஒரு தூசிகூட நுழையக்கூடாது. நாங்கள் அங்கே அணுக்கருத் துகள்களைக் கண்டுபிடிக்கும் வாயுப் பெட்டிகள் செய்கிறோம். பெட்டியில் ஆர்கான் வாயு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், அவற்றில் உயர் மின்னழுத்தம். துகள் ஒன்று கடந்துபோனால் கம்பி காட்டிக்கொடுத்துவிடும். தூசி விழுந்தாலோ பொறி பறக்கும், பெட்டி பாழ்.

எங்கள் ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் சட்டம் நேர்மாறு. கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும், வேலை முடியும்வரை திறந்தே கிடக்கும். சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓட வேண்டும். கல்லூரி விடுமுறைகளில் அக்காவோடு வேலைக்குப் போய்ப் பழகியது. ஒருமுறை இருவரும் அப்படி ஓடியதால்தான் அக்கா இன்று எனக்கு இருக்கிறாள்.

போன வசந்தத்தில், துகள்களை அதிவேகத்தில் பாய்ச்சும் முடுக்கியில் எங்கள் பெட்டியைச் சோதிக்க மூன்றே வாரம் இருந்தது. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அந்த அவசரத்தில் மூடி போடாமலே மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்தோம். 'படக்' என்றது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவசரக் கதவை உதைத்துத் திறந்து, கூட வேலை பார்க்கும் மார்த்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புல்வெளியில் நின்றதுதான்.

"அது சின்னப் பொறி. மேஜையைக்கூடத் தாண்டாதே?" என்றாள் மார்த்தா.

"எங்கள் ஊரில் பொறியை யாரும் நின்று அளப்பதில்லை. பட்டாசு செய்கிற ஊர்."

"அப்படியானால் தினமும் கொண்டாட்டம்தான்!"

திரும்பிப் பார்த்தேன். திறந்துகிடந்த கதவு வழியே புல்வெளியோரத்து பிர்ச் மரங்களின் மகரந்தத் தூள் மஞ்சளாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"சத்தம் கேட்டா ஓடாம வேற என்னலே செய்வாக?" என்றாள்.

எப்படியோ பெட்டி முடுக்கிக்குப் போய்ச் சேர்ந்தது, ஒழுங்காக வேலையும் செய்தது. அதன்பிறகு நான் கதவுக்குக் காவல்காரனே ஆகிவிட்டேன்.

தீபாவளி சீசனில் ஊருக்குப் போனேன். அக்காவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் வேலை பார்க்கும் அறைக்குள் நுழைந்தேன். நுழைந்த கையோடு கதவைச் சாத்தினேன். திரி வைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களின் கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

"ஏலே! கதவத் தொறலே!"

"தூசி வரும்க்கா."

"தூசி வரட்டும்லே. நாங்க வெளிய வரணும்ல?"

திறந்தேன். எனக்கு முகம் வெளிறிவிட்டது, அவர்கள் சிரித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் எந்த ஊரில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், கதவில் கை வைத்தபடி ஒரு கணம் நிற்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள.