பாவுக்கு அடியில் மலைமண்

பிள்ளையார்பாளையத்தில் என் ஆட்டோ நின்றுவிடுகிறது. தெரு நீளத்துக்கும் பட்டுத் தறிக்கான பாவு நூலை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுகிறார்கள். அது காயும் வரை வண்டி போகாது. பாவுக்கு அந்தப் பக்கம் உள்ள சந்தில் நுழைந்தால் பஸ் பிடித்துவிடலாம்.

என் கையில் ஈரத்துணி சுற்றிய பிளாஸ்டிக் குழாய். நீலகிரிச் சதுப்பில் குத்தியெடுத்த மண் அதற்குள் இருக்கிறது. சென்னை ஆய்வகத்துக்கு ஈரம் போகாமல் சேர வேண்டும். இவர்களுக்கு வெயில் வேண்டும், எனக்கு அது ஆகாது.

துணியைப் பிரித்துப் பார்க்கிறேன். கஞ்சி தடவும் அக்கா எட்டிப் பார்க்கிறார். குழாயில் அடிமண் கறுப்பு, மேல்மண் வெளிறிய பழுப்பு.

"இன்னாமா, மேல சாயம் புடிக்கலையா?"

"சாயம் இல்லக்கா, மலைச் சதுப்பு மண்ணு. மழை தப்பி, சூடு ஏறி, மேல இருந்து காய்ஞ்சிட்டு வருது. பாசி செத்து முள்ளுச்செடி மொளைக்குது."

"தண்ணில முக்கினா சரியாப் பூடாதா?"

"முழுசா காய்ஞ்சுட்டா தண்ணியே குடிக்காதுக்கா. இது இன்னும் குடிக்குதான்னு பார்க்கத்தான் கொண்டுபோறேன். குடிச்சா, சதுப்புத் தண்ணி வடியுற ஓடையை மறிச்சுத் தண்ணிய நிறுத்துவோம்."

"குடிக்கலன்னா?"

"அப்பவும் மறிப்போம். கீழ ஈரக் கறுப்பு மிச்சம் இருக்கே."

அவர் வெயிலை அண்ணாந்து பார்க்கிறார். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை குழாய்த் துணிமேல் ஊற்றுகிறார்.

"அப்பறம் இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்குற? குனிஞ்சு பூந்து போ. நூல்ல தலை படக்கூடாது."

குழாயை அணைத்தபடி பாவுக்கு அடியில் நுழைகிறேன். கஞ்சி ஒரு சொட்டு பிடரியில் விழுகிறது. துடைக்கக் கை இல்லை.