இன்சுலின் இருக்கிறது, பேச்சுதான் எடுபடவில்லை

ஆறு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி என்ற ஊரிலிருந்து என் தங்கை கஸ்தூரி போன் செய்தாள். குரலில் அழுகை.

"அண்ணா, அவுரு நாலு நாளா சோத்தயே தொடல. ஏதோ பொடிய தண்ணில கலக்கிக் குடிச்சிக்கினு கெடக்குறாரு. கேட்டா எரிஞ்சு விழுறாரு. நீ வந்தாதான் ஆவும்."

'அவுரு' என்பது அவள் கணவர் முனிரத்தினம். நகரியில் பவர்லூம் ஓட்டியவர். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று ஆனதும் குவைத்துக்கு டிரைவராகப் போனார். பதினாறு வருடம்! தறியில் நாள் முழுக்க நின்ற மனிதர், அங்கே நாள் முழுக்க உட்கார்ந்தார். ஏசி கார், ரொட்டி, கூல்டிரிங்க்ஸ்... ஒவ்வொரு லீவுக்கும் வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. 'ஆளு நல்லா ஆயிட்டாரு' என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

இந்த முறை லீவில் வந்தவர், முதலாளி கேட்டார் என்று மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருக்கிறார். சுகர்.

அன்று மாலையே போய் நின்றேன்.

"மாப்ள, இன்னா இது?"

"என் ஒடம்புல இன்சுலின் வத்திப் போச்சு மச்சான். எங்க அண்ணனுக்கும் அப்டித்தான? ஊசி போட்டாங்க. ரெண்டே வருஷம், கால எடுத்துட்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்கும் வரல, குவைத்துக்கும் போவல."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"உங்க அண்ணன் மொதல்ல ஆஸ்பத்திரிக்கு எப்போ போனாரு?" என்று கேட்டேன்.

கஸ்தூரிதான் சொன்னாள். "கால்ல புண்ணு வந்து அழுகின பொறவுதான் போனாரு. அதுக்கு முன்னாடி யாரு சொன்னாலும் கேக்கல."

மறுநாள் காலை, தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் மாப்பிள்ளை.

திருப்பதியில் ஒரு லேடி டாக்டர். தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். அண்ணன் கதையையும் கேட்டுக்கொண்டு, சுகரோடு இன்சுலின் அளவையும் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது.

"சூடண்டி... பாருங்க, இன்சுலின் வத்தலே. தேவைக்கு மேலேயே இருக்கு."

"அப்போ சுகர் ஏன் மேடம் ஏறுது?"

"அது சொல்றதை உடம்பு கேக்கலே. அதான்."

மாப்பிள்ளையின் வயிற்றைக் காட்டி விளக்கினார். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை இல்லையாம், உயிருள்ள திசு. அளவுக்கு மீறி நிரம்பினால் கொழுப்புச் செல்கள் உப்பும். சில செத்தும் போகும். அந்தச் செய்தி கேட்டு, நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூட்டமாக வந்து சேரும். வந்தவை சும்மா இருக்குமா? ரசாயன சிக்னல்களைச் சுரக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை — ஆனால் உள்ளே ஓயாத ஒரு மெல்லிய அழற்சி. அந்த சிக்னல்கள் இன்சுலினின் கட்டளையைச் செல்லுக்குள்ளேயே தடுத்துவிடும். சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். கணையமோ இன்னும் இன்னும் இன்சுலின் சுரந்து களைத்துப்போகும். பரம்பரை, உழைப்பில்லாத உடம்பு என்று வேறு காரணங்களும் உண்டு. இது அவற்றில் முக்கியமான ஒன்று.

"அது இன்னா கிருமி மேடம்?"

"கிருமியே இல்லே. எல்லாம் உங்க சொந்த செல்லுதான்."

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார், "ஒடம்ப திரும்பக் கேக்க வைக்க முடியுமா?"

"முடியும். உங்களுக்கு டைம் இருக்கு. எடை குறைஞ்சா இந்த கலாட்டா அடங்கும். நடங்க, மாத்திரை போடுங்க. பட்டினி வேணாம், பொடியும் வேணாம். இன்னொண்ணு — உங்க அண்ணனுக்குக் கால் போனது ஊசியாலே இல்லே. ரொம்ப லேட்டா வந்ததாலே."

திரும்பும் வழியில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதைப் பிய்த்தபடி சொன்னார். "இத்தினி வருஷமா இந்த வயித்தத் தட்டிக் குடுத்துக்கினு இருந்தன் மச்சான். உள்ள இவ்ளோ நடந்துகினு இருந்துச்சா?"

அவரை மட்டும் சொல்வானேன்? நம் எல்லோருக்கும் வேலை மாறியது, சம்பளம் மாறியது, ஊரும் மாறியது... உடம்பிடம் மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

லீவை மூன்று மாதம் நீட்டினார். விடிந்ததும் நடை. சோறு பாதி, காய் மீதி. வேட்டி இடுப்பில் நிற்காமல் கஸ்தூரி புது பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். கடைசி டெஸ்டில் சுகர் கட்டுக்குள் வந்திருந்தது. இன்சுலின் அளவும் இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி இவரும் கேட்கவில்லை.

இப்போது மறுபடி குவைத்தில். முதலாளி மாலுக்குள் போனால் இவர் காரைப் பூட்டிவிட்டுப் பார்க்கிங்கைச் சுற்றி வருகிறாராம். ரூமில் இருக்கும் டிரைவர்களுக்கெல்லாம் தெலுங்கில் கொழுப்புச் செல் பாடம் வேறு!

எனக்கு ஒரே தொந்தரவு. வெள்ளிக்கிழமை வீடியோ கால் வந்தால் முதல் கேள்வியே, "இன்னிக்கி நடந்தியா மச்சான்?"

அதனால் இப்போதெல்லாம் அந்தப் போனை மொட்டை மாடியில் நடந்துகொண்டேதான் எடுக்கிறேன்... மற்ற ஆறு நாளைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை!