நான் கேட்ட வழவழப்பான தரை

எங்கள் ஊர் விளையாட்டுத் திடலை வரைந்தது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

தஞ்சாவூரில், சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய குடியிருப்பில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்தது திருவையாற்றுக்கு அப்பால் ஒரு ஊருக்கு. எங்கள் வீட்டின் முன்வாசலைத் திறந்தால் பஸ் ரோடு, கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவள் மணிக்கட்டை விட்டதே இல்லை. மூன்று வயதாகியும் அவள் ஓடவில்லை. வாசற்படி இறங்கியதும் தானாகவே வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் போகிறவளைப் போல.

"மத்த பிள்ளைங்கள்லாம் ஓடுதுங்க. உங்க பாப்பா மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?" என்று அங்கன்வாடி டீச்சர் கேட்டார்.

காட்டினேன். டாக்டர் அவள் காலை ஒரு நிமிடம் பார்த்தார், என் கையை அதைவிட நேரமாகப் பார்த்தார். "காலுல ஒண்ணும் இல்லைம்மா. நீங்க கையை விடுங்க" என்றார்.

விடுவதற்கு ஓர் இடம் வேண்டுமே. ரோட்டில் விடவா, வாய்க்காலில் விடவா?

அந்தச் சமயத்தில்தான் கிராம சபைக் கூட்டத்தில் விளையாட்டுத் திடல் பற்றிப் பேசப் போவதாகத் தெரிந்தது. இடம், ஆரம்பப் பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த புறம்போக்கு. எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாக, ரோட்டைத் தொடாமலே அங்கே போய்விடலாம். இயற்பியல் படித்துவிட்டு வேலைக்குப் போகாதவள் என்ற குற்ற உணர்வு எனக்கு எப்போதும் உண்டு. மூன்று நாள் உட்கார்ந்து கிராஃப் தாளில் வரைந்தேன். அழித்து அழித்து வரைந்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போனது. அந்த இடத்தில் ஊஞ்சலை வைத்துச் சமாளித்தேன்.

கூட்டத்தில் வெளியூர்க்காரரான ஓவர்சியர் தன் திட்டத்தை வாசித்தார். தரைக்கு பேவர் கல், ஓரத்தில் நான்கு வேப்பமரம், மூலையில் மணல் தொட்டி. நான் எழுந்தேன். தாளைப் பிரித்தேன்.

"பேவர் கல் வேண்டாங்க சார். நடுவுல இடுக்கு இருக்கும். பிள்ளைங்க கால் விரல் மாட்டிக்கும்."

"மாட்டும், மாட்டும்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா. எப்போதும் வாயில் வெற்றிலை இருக்கும். "இடுக்குல போனா எடுக்கவே முடியாது."

என் மகளின் விரலுக்காக இத்தனை கவலைப்படும் ஒரு ஜீவனை அன்றுதான் கண்டேன். தைரியம் வந்தது.

"சிமெண்ட் தரை போடுங்க. நல்லா வழவழன்னு. விழுந்தா முட்டி சிராய்க்கக் கூடாது."

"கையால தள்ளுனா தடையில்லாம ஓடணும்," என்றார் பெரியம்மா. குழந்தைகளின் பொம்மைக் காரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மழைத் தண்ணி தேங்கக் கூடாதுங்க. கொசு வரும். ஒரு பக்கமா லேசா சரிவு வேணும்."

இந்த முறை நான்கைந்து பேர் சேர்ந்தே தலையாட்டினார்கள்.

"மரமும் வேண்டாம் சார். கம்பளிப்பூச்சி விழும்."

நிழல் இல்லாமல் குழந்தைகள் வெயிலில் காய்வார்களே என்று ஓவர்சியர் நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் கூட்டம் முழுவதும், "மரம் வேண்டாங்க, அந்தம்மா சரியாத்தான் சொல்றாங்க" என்றது. சுற்றுச்சுவர் பற்றிச் சொன்னபோது, "ஆடு தாண்டாத உயரமா இருக்கணும்" என்றார் யாரோ. இத்தனை யோசித்த நான் ஆட்டை மறந்துவிட்டிருந்தேன். முட்டுகிற ஆட்டையும் தாளில் குறித்துக்கொண்டேன்.

"மணல் தொட்டி மட்டுமாவது இருக்கட்டுமா?" என்றார் ஓவர்சியர் பாவமாக.

"இருக்கட்டும் சார்," என்றார் எங்கள் ஊராட்சித் தலைவரம்மா. "திங்கக்கிழமை கொட்டுனா வெள்ளிக்கிழமை யாரோட கக்கூஸ் சுவராவோ நிக்கும்."

மணல் தொட்டியும் போனது. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் எழுந்தது. குழந்தைகள் மேல் இவ்வளவு அக்கறை உள்ள ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்றார் ஓவர்சியர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டும்போது தினமும் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்ததும் குனிந்து உள்ளங்கையால் தடவினேன். முழங்கையால் தடவினேன். யாரும் இல்லை என்று பார்த்து முட்டியாலும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன். கொத்தனார் பார்த்துவிட்டார். "பட்டு மாதிரி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. சறுக்குமரமும் ஊஞ்சலும் வந்தன. திறப்பு விழாவில் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

முதல் நாள் மகளை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, கையை விட்டேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அடுத்த ஒரு வாரமும் நின்றாள். அதற்குள் எனக்கு வேறு சந்தேகம் வந்திருந்தது. இவ்வளவு வழவழப்பு வழுக்குமோ? ஆகவே கையை விடும்போதெல்லாம், "மெதுவா, மெதுவா" என்றேன். மெதுவா என்று சொன்ன பிறகு எந்தக் குழந்தை ஓடும்? அதுவும் புரிந்து, வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். மூன்றாவது வாரம் என்னைவிட்டு நான்கு அடி நடந்தாள். நான்கு அடி தானாக. இன்னும் ஒரு வாரம் போதும், ஓடிவிடுவாள் என்று கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை சந்து வழியாகப் போனால், திடலில் தரை இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை நெல்.

குறுவை அறுப்பு தொடங்கியிருந்தது. முந்தின வாரத்து மழையில் நனைந்த நெல்லை, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சறுக்குமரத்தில் காலிச் சாக்குகள் காய்ந்தன. ஊஞ்சல் கம்பியில் தார்ப்பாய் தொங்கியது. ஊஞ்சல் பலகையில் பெரியம்மா உட்கார்ந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா இது?"

"நெல்லும்மா."

"நெல்லுன்னு தெரியுது. பிள்ளைங்க எங்க விளையாடும்?"

"அது எங்க போயிடப் போகுது? பத்துப் பதினஞ்சு நாள். அப்புறம் சம்பாவுக்குக் கொஞ்ச நாள்." ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "என்ன தரைம்மா. ஒரு நெல்மணி வீணாப் போகலை. சரிவு இருக்கறதால தூறல் விழுந்தாக்கூட தண்ணி ஓடிருது. மர நிழல் இல்லை, ஆடு வரலை. உன் மூளைக்கு உன்னை எங்கயோ வச்சிருக்கணும்."

நின்ற இடத்திலேயே கூட்டம் முழுவதும் மனதில் திரும்ப ஓடியது. இடுக்கில் போனால் எடுக்க முடியாதது விரல் அல்ல, நெல். தடையில்லாமல் தள்ள வேண்டியது பொம்மைக் கார் அல்ல. ஒரு குழந்தைக்கு என்னவெல்லாம் ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து, நான் ஊருக்கு ஒரு நெற்களம் வரைந்து கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் கூட்டத்தில் இருந்தது ஓவர்சியரும் நானும் மட்டும்தான்.

மனு எழுதிக்கொண்டு தலைவரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாக இரண்டு பக்கமும் படித்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். "முறை போட்டு வச்சிருக்கோம். யாருக்கும் சண்டை வேண்டாம்னு. இதோ, நாளைக்கு உங்க மாமியார்." தாளின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தைய தேதி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்," என்றார். "உனக்கும் தெரியும்னுதான் நினைச்சேன். களத்துல கொசு வராம சரிவு வைக்கச் சொன்னியே, அன்னிக்கு நான் அம்மாகிட்ட, பாருங்க உங்க மருமக விவசாயம் கத்துக்கிட்டான்னு சொன்னேன்."

மகள் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மூன்று வாரமும் நான்கு அடியும் வீண்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்கு எங்கள் முறை என்றால், நாளைக்குத் திடல் எங்கள் திடல். மாமியாரிடம் போனேன். "அத்தை, நாளைக்கு மூணுல ஒரு பங்கு இடத்தைப் பிள்ளைங்களுக்கு விட்டுட்டு நெல்லைக் கொட்டலாம்."

"ஒன்றரை ஏக்கர் நெல்லும்மா. அடர்த்தியாக் கொட்டினா எப்படிக் காயும்?"

"நான் கிளறிக்கிட்டே இருக்கேன் அத்தை. நாள் பூரா."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் உறுதியாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதனால்தானோ என்னவோ, "என்னமோ செய்" என்றார்.

மறுநாள் ஊஞ்சல் பக்கத்து இடத்தைக் கோலமாவால் கோடு கிழித்துப் பிரித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் குழந்தைகள், அந்தப் பக்கம் நெல். தெருக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். என் வழவழப்பான தரையில் இரண்டு நிமிடம் நின்றார்கள். பிறகு எல்லோரும் ஒருசேரக் கோட்டைத் தாண்டி நெல்லுக்குள் போனார்கள்.

நெல்லைக் கிளற இங்கே காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். பின்னால் ஏர் ஓட்டினதுபோலக் கோடு விழும். குழந்தைகள் அதை நடந்து செய்யவில்லை. ஓடிச் செய்தார்கள். விழுந்தார்கள், புரண்டார்கள், எழுந்தார்கள். என் மகள் கோட்டின் மேல் நின்று அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நெல் காதுக்குள் போகும். மூக்குக்குள் போகும். சுணை ஏறி ராத்திரி முழுக்க அரிக்கும். நெல்லுக்குள் தேள் இருக்குமோ? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நெல்லில் கால் வைத்துவிட்டாள். இரண்டு அடி. பாதம் புதைந்தது. குப்புற விழுந்தாள்.

நான் பாய்ந்தேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்தார். "எந்திரிக்கும், இரு."

எழுந்தாள். அழவில்லை. வாயிலிருந்து ஒரு நெல்லைத் துப்பினாள். விழுந்தால் வலிக்கவில்லை என்பதை நம்ப முடியாமல், வேண்டுமென்றே இன்னொரு முறை விழுந்து பார்த்தாள். அப்புறம் ஓடினாள். அழகாக ஓடினாள் என்று சொல்ல முடியாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, வாத்துபோல. மூலைக்கு மூலை ஓடினாள். அவள் ஓடிய தடமெல்லாம் நெல் கிளறிக் கிடந்தது.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்து, கோட்டைத் தாண்டி வந்த நெல்லை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் கோடே இல்லை. மூன்றில் ஒரு பங்கு இடத்தில், நான் தட்டியும் தடவியும் சரிபார்த்த தரையில், ஒரே ஒரு செருப்புக் குவியல் மட்டும் இருந்தது.

சாயங்காலம் மாமியார் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தார். டக்கென்று உடைந்தது. இன்னோர் இடத்தில் எடுத்தார். அதுவும் உடைந்தது. "அடர்த்தியாக் கொட்டியும் ஒரே நாள்ல காஞ்சிருச்சே" என்று எனக்குக் கேட்காத மாதிரி, ஆனால் எனக்குக் கேட்கிற தூரத்தில் சொன்னார்.

அன்று அவள் தலையிலிருந்து நெல்லையும் பதரையும் சீப்பால் எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகு முழுக்கத் தடித்திருந்தது. தவறு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு, இது நேற்று நின்ற குழந்தைதானே என்றும் நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் பொழுது போயிற்று.

அடுத்த நாள் காலை சந்து முனையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். "ஏம்மா, இன்னிக்கு என் நெல்லுக்கு ரெண்டாவது காய்ச்சல். பாப்பாவை அனுப்பு. அதுங்க ஓடுனா எனக்கு இடுப்பு மிச்சம்."

"அரிக்குது பெரியம்மா. முதுகெல்லாம் தடிச்சிருக்கு."

"எண்ணெய் தேய்ச்சு அனுப்பு."

எண்ணெய் தேய்த்தால் சுணை ஏறாதா, அல்லது தூசி ஒட்டிக்கொண்டு இன்னும் அரிக்குமா? தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா? தங்கைக்கு போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, லேசாகச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை.

கிண்ணத்தோடு சந்தில் ஓடினேன். அவள் திடலின் மறுகோடியில், மற்ற குழந்தைகளுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிடித்து நிறுத்தி எண்ணெயாவது தடவலாம் என்று நெல்லுக்குள் கால் வைத்தேன்.

"செருப்பைக் கழட்டும்மா," என்றார் பெரியம்மா, ஊஞ்சலிலிருந்து.