தங்கச்சி உட்கார்ந்த சுவரோரம்

எனக்கு வாய் ஜாஸ்தி. அது எங்கள் கோயில் பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரியும். இருபது வருசமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறேன். எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். போன வருசம் புதுநன்மை வகுப்பில் ஒரே ஒரு கேள்விக்கு வாயடைத்துப் போனேன். கேட்டது என் தங்கச்சி மகள், நாலாவது படிக்கிறவள்.

"பெரீம்மா, புதுநன்மை அன்னிக்கு எங்கம்மா எங்க நிப்பாங்க?"

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை என்றால் பூசையில் சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பம். அதை முதல்முறை வாங்குகிற பிள்ளை மெழுகுவத்தியோடு பீடத்துக்குப் போகும்போது கூடவே அம்மாவும் போவாள். பிள்ளை வாங்கின கையோடு அம்மாவும் வாங்குவாள். என் தங்கச்சி நன்மை வாங்கிப் பத்து வருசம் ஆகியிருந்தது.

பக்கத்து ஊர் இந்துப் பையன் ஒருவரை ஆசைப்பட்டாள். அவர்கள் நிலம் வைத்துப் பயிர் பண்ணுகிறவர்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். ரெண்டு வூட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, உத்திரமேரூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். கோயிலில் சாமியார் மந்திரிக்காத கல்யாணம் என்றால் நன்மை கிடையாது, அது திருச்சபைச் சட்டம். நான் அதோடு விட்டேனா?

"அந்தாளு ஞானஸ்நானம் வாங்கினாத்தான் உனக்குக் கோயில்ல கல்யாணம். அது வரைக்கும் பாயிலயே உக்காந்துக்கினு இரு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

அவர் மாட்டேன் என்றுவிட்டார். "என் சாமிய நான் வுட மாட்டேன்க்கா. அவ சாமிய நான் தடுக்கவும் மாட்டேன்." சொன்னபடி நடந்தும் காட்டினார். மகளை ஞானஸ்நானத்துக்கு அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிறு தவறாமல் ரெண்டு பேரையும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூசை முடிகிற வரை வெளியே புங்கமரத்தடியில் நிற்பார். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது, பாய்தான். நன்மை நேரத்தில் எல்லாரும் எழுந்து போய்விட்டால், உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் பளிச்சென்று தெரிவார். அதனால் தங்கச்சி எப்போதும் சுவரோரம்தான் உட்காருவாள். வரிசையில் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

அன்றைக்கு வகுப்பில் அந்தப் பிள்ளை, "எங்கம்மா வாங்காட்டி எனக்கும் வேணாம்" என்று நோட்டை மூடிவிட்டாள். கொழுப்பைப் பார் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருசம் அம்மாவைத் தடுத்து வைத்தாயிற்று, இப்போது பிள்ளையும் போகிறதே!

பிள்ளையை எப்படிச் சமாதானம் பண்ணுவது என்று கேட்கத்தான் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "உங்க தங்கச்சி கல்யாணத்தை ஏன் இன்னும் மந்திரிக்கல?" என்றார்.

"மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்க மாட்டேங்கிறார் ஃபாதர்."

"அவர் ஏன் வாங்கணும்? பிஷப்கிட்ட அனுமதி வாங்கினா, அவர் இந்துவாவே இருந்துகிட்டு கோயில்ல கல்யாணம் பண்ணிக்கலாம். பிள்ளைய விசுவாசத்துல வளக்க முடிஞ்சதெல்லாம் செய்வேன்னு உங்க தங்கச்சி வாக்குக் குடுக்கணும், அது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இது ஒண்ணும் புதுசு இல்லியேம்மா. முடியாதுன்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எங்கள் சொந்தத்தில் முன்பு ஒரு மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிக் கல்யாணம் பண்ணினதைப் பார்த்து, அதுதான் சட்டம் என்று பிடித்துக்கொண்டேன். பத்து வருசத்தில் எத்தனை சாமியார்கள் மாறினார்கள்! ஒருத்தரிடமாவது கேட்டேனா? சொல்லிக் கொடுக்கிறவள் போய்க் கேட்பதா என்கிற திமிர். தங்கச்சி ஏன் கேட்கவில்லை என்றால், அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள்.

விஷயம் கோயில் காரியம் பேசுகிற பங்குப் பேரவைக்கு வந்ததும் ஒரே சண்டை. துணைத்தலைவர் எழுந்து, "இப்டி வுட்டா நாளைக்கு நம்ம புள்ளைங்க எல்லாம் வெளியதான் கட்டும். அப்புறம் கோயில்ல யாரு இருப்பா?" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. அதையே நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன்.

"அவ எங்க வெளிய பூட்டா? பத்து வருசமா சுவரோரம்தானே உக்காந்துக்கினு கீறா!" என்று கத்திவிட்டேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. அனுமதி கொடுக்க வேண்டியது பிஷப், பேரவை இல்லை என்று ஃபாதர் பேச்சை முடித்தார்.

அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பூசை இல்லாமல் சின்னதாகக் கல்யாணம். மாப்பிள்ளை நெற்றியில் விபூதியோடுதான் வந்து நின்றார். ஃபாதர் அப்படியே மந்திரித்தார். மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை, ஆனால் மருமகளுக்கு ரெண்டு முழம் பூ கொடுத்தனுப்பியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தபோது, "எனக்கு இதுல இஷ்டம் இல்ல, தெரிஞ்சுக்கோ" என்று என்னிடம் முறைத்துக்கொண்டே துணைத்தலைவர் போட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் தேவையே இல்லையாம் என்று தங்கச்சியிடம் சொன்ன அன்று அவள் என்னைப் பார்த்து, "அப்டியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் மழுப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பெரிய வாய்!

புதுநன்மை நாள். தங்கச்சி மகள் வெள்ளை கவுன் போட்டு மெழுகுவத்தியோடு போனாள். பின்னாலேயே தங்கச்சி. மாப்பிள்ளை அன்று புங்கமரத்தை விட்டு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஓரம் நின்றார். பிள்ளை வாங்கினாள். தங்கச்சி நாக்கை நீட்டி வாங்கினாள். எனக்குப் பார்க்க முடியாமல் கண்ணெல்லாம் தண்ணீர்.

மற்றவர்கள் எழுந்து வரிசையில் போனார்கள். நான் போகவில்லை. உடன்பிறந்தவளோடு கணக்குத் தீர்க்காமல் எந்த முகத்தோடு போய்க் கை நீட்டுவது? இதையும் பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன். நகர்ந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பீடம் தெரியவில்லை. போகிறவர்கள் முதுகுதான் தெரிந்தது. பத்து வருசம் இதைத்தான் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்த தங்கச்சி, தன் இடத்தில் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"தப்பு என்னுதுடி. சட்டம் தெரியாமயே உன்ன இங்க உக்கார வெச்சுட்டேன். மன்னிச்சுடு" என்றேன்.

வாயில் நன்மை இருந்தது, அவளால் பேச முடியாது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்து, என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். வரிசை முடிகிற இடத்துக்குக் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டு, பிள்ளையிடம் போனாள். அன்றைக்குக் கடைசியாக நன்மை வாங்கினது நான்தான்.