பொத்திய கை

அறுபதுகளில் ஒரு மார்கழி. வாடைக்காற்றில் எங்கள் வள்ளம் கவிழ்ந்தது. மீன்பிடிக்க ஒன்றாகப் போன என் அண்ணையும் தம்பியும் ஒன்றாகத் திரும்பவில்லை. அண்ணை மட்டும் வந்தார். நாரந்தனைக் கோயிலில் நான் சண்டை பிடிக்காத புனிதர் இல்லை.

அண்ணையின் வலக்கை பொத்தியபடியே இருந்தது. சோற்றை இடக்கையால் அள்ளினார். பேச்சு அடியோடு நின்றுபோனது. குளிரில் கயிறு இழுப்பவர்களுக்குக் கை விறைப்பது எங்கள் கரையில் புதிதல்ல. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரும் அதைத்தான் என்னிடம் சொன்னார்.

“கயிறு இழுத்த பிடிப்பு. தோளில இருந்து விரல்மட்டும் நோவெண்ணெய் போட்டு உருவு பிள்ளை. தவிட்டு ஒத்தணமும் பிடி.”

கடலில் என்ன நடந்தது என்று அண்ணையிடம் யாரும் கேட்கவில்லை. ஆளைப் பறிகொடுத்து வந்தவர் தானாக வாய் திறக்கும்வரை கேட்பதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் அன்று நினைத்தேன்.

தினமும் காலையில் குசினி வாசலில் கதிரையைப் போட்டு அவரை இருத்தி உருவினேன். எனக்குப் பொறுமை மட்டு. “கொஞ்சம் விட்டுக் குடுங்கோ அண்ணை, கல்லெண்டாலும் இதுக்கிடையில இளகியிருக்கும்” என்று சீறுவேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். தோள் இளகும் நாட்களில் உடம்பு முழுக்க நடுங்கும். பயந்து கையை எடுத்துவிடுவேன். நடுக்கம் நின்றதும் பார்த்தால் பொத்திய கை முன்னைவிட இறுகியிருக்கும். அழுகை வரும். வேறு வழி தெரியாமல் மறுநாளும் எண்ணெய்ப் போத்தலை எடுப்பேன்.

தவக்காலம் தொடங்கிய கிழமை, நடுக்கம் வந்தபோது நான் கையை எடுக்கவில்லை. முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து உருவினேன். சின்னவிரல் விலகியது. பிறகு மற்றவை. உள்ளங்கை வெளிறி, நகம் பதிந்த புண்களோடு இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“திறந்திட்டுது அண்ணை, பாருங்கோ!”

அண்ணை பார்த்தார். பிறகு இடக்கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.

“ஏன் அண்ணை?”

“இது கயிறு பிடிச்ச கை இல்லை பிள்ளை. தம்பியைப் பிடிச்சிருந்த கை. அவன் வழுக்கிப் போனான். நான் விடேல்லை.” மடக்கிய விரல்கள் நிற்காமல் மறுபடி விரிந்தன. “இப்ப நீ விட வைச்சுப்போட்டாய்.”

எண்ணெய் வழிந்த என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.